எங்கள் கடையின் ஓடி கணக்கு: ஐந்துக்கு இரண்டரை

களுவாஞ்சிகுடியில் எங்களுக்கு ஒரு கடை. பசளை, கிருமிநாசினி, விதைநெல், மருந்தடிக்கிற டாங்கி, அதற்கு வேண்டிய வாஷர், நொசில் எல்லாம் விற்கிறோம். கடையில் நிற்பது அவர், கணக்குப் பார்ப்பது நான். பதினான்கு வருடமாக ஒரே வங்கி, ஒரே கிளை, ஒரே நடைமுறைக் கணக்கு. அந்தக் கணக்கோடு வாங்கி வைத்திருக்கிற மேலதிகப்பற்று வசதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன், அதாவது கணக்கில் காசு இல்லாவிட்டாலும் ஓர் எல்லை வரைக்கும் எடுக்க விடுகிற வசதி. மேலதிகப்பற்று என்பது பள்ளிக்கூடத்தோடு சரி, கடைத்தெருவில் எல்லோருக்கும் அது ஓவர்டிராப்ட், சுருக்கமாக ஓடிதான். வங்கியின் பெயரைப் போடவில்லை. கிளையில் இருக்கிற பிள்ளைகளின் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டியவள் நான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வியாபாரத்துக்கு ஓடி இல்லாமல் முடியாது. பெரும்போகத்துக்கு ஐப்பசியில் விதைத்தால் மாசி, பங்குனியில்தான் அறுவடை. மண்டூரில் வாவியைக் கடக்கிற பாதை என்ற மிதவையில் ஏறிக் குருமண்வெளியில் இறங்கி வருகிறவர்களும், பட்டிருப்புப் பாலம் கடந்து பழுகாமம், வெல்லாவெளிப் பக்கமிருந்து வருகிறவர்களும் வயல் விளைந்த பிறகுதான் காசு தருவார்கள். கொழும்புக் கொம்பனிக்காரர் அதுவரை இருப்பாரா? முப்பது நாள், மிஞ்சினால் நாற்பத்தைந்து நாள் திகதி போட்ட செக்கை வாங்கிக்கொண்டுதான் லொறியில் இருந்து மூட்டையை இறக்கவே விடுவார். இந்த இடைவெளியை முன்பெல்லாம் என் நகைதான் நிரப்பியது. தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் கார்த்திகையில் அடகுக்குப் போனால் சித்திரைக்குத்தான் வீடு திரும்பும். ஓடி வந்த பிறகு அந்த அலைச்சல் இல்லை. எடுத்த காசுக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. காசு கட்டிய அன்றே வட்டி குறையும். இதற்கு நான் தாராளமாக நாலு நட்சத்திரம் கொடுப்பேன்.

கவுண்டரில் இருக்கிறவர்களுக்கும் நாலு. செக் புத்தகம் கேட்டால் இழுத்தடிப்பதில்லை. வயதானவர்கள் வந்தால் எழுந்து நின்று பேசுகிறார்கள். ஏசி மட்டும் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது. வரிசை நிற்பது மற்றப் பக்கம்.

சரி, இனிக் கதைக்கு வருகிறேன்.

2023 பெரும்போகத்துக்கு எங்கள் ஓடி எல்லை 8 இலட்சம். இந்த வசதி ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது நவம்பர் 30ஆம் திகதியோடு முடிகிறது. நவம்பர் 14ஆம் திகதியே வியாபாரப் பதிவு, இரண்டு வருடக் கணக்கு, வரிக் கடதாசி எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக் கடன் பகுதி உத்தியோகத்தரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். "வைச்சிட்டுப் போங்க அக்கா, நான் பார்க்கிறன்" என்றார். அடுத்த வாரம் மனேஜருக்கு இடமாற்றம். புதியவர் வந்தார். மழையும் வந்தது. எங்களுக்குப் பசளை விற்கவே நேரம் போதவில்லை.

கொம்பனிக்குக் கொடுத்த செக்குகள் டிசம்பரில் ஒவ்வொன்றாக வங்கிக்கு வந்தன. ஒன்றும் திரும்பவில்லை. வியாபாரிக்கு செக் திரும்புவது என்றால் மானப் பிரச்சினை மட்டுமில்லை, 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தில் வழக்கு வரைக்கும் போகக்கூடிய காரியம். செக் எல்லாம் பாஸ் ஆகிறது, அப்படியென்றால் ஓடி புதுப்பித்தாயிற்று என்று நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

கண்டுபிடித்தது நானில்லை, என் மகள். ஜனவரிக் கடைசியில் ஒரு நாள், கணக்கீட்டுப் பாடத்துக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று செய்ய வேண்டும், உண்மையான ஸ்டேட்மென்ட் இருந்தால் தாங்கோ என்றாள். டிசம்பர் ஸ்டேட்மென்டையும் எங்கள் காசேட்டையும் எடுத்துக் கொடுத்தேன். குப்பி லாம்புக் காலத்தில் நாங்கள் படித்த அதே முறைதான்: காசேட்டில் ஒரு வரி, ஸ்டேட்மென்டில் ஒரு வரி, இரண்டிலும் பென்சிலால் ஒரு சரி அடையாளம். நான் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இந்த 1,500 என்ன?"

"எந்த 1,500?"

"ஒண்டில்லம்மா. நிறையக் கிடக்கு."

கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மாத முடிவு வரைக்கும் வரிசையாகப் பென்சில் அடையாளம். அடையாளம் இல்லாமல் எஞ்சி நின்றது இந்த 1,500கள்தான். அவசரமாக ஜனவரிக்கும் எடுத்துப் பார்த்தோம். இரண்டு மாதத்திலும் சேர்த்து ஒன்பது. அதாவது 13,500 ரூபா. அதற்குக் கீழே டிசம்பர் வட்டி 16,969 ரூபா. இந்தக் கணக்குக்குப் பத்தாயிரம், பதினோராயிரம்தான் வந்திருக்க வேண்டும். வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுக் கல்குலேட்டரை எடுத்தேன்.

டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து ஜனவரி 9 வரை நாற்பது நாள். எங்கள் மீதி நாளாந்தச் சராசரி 740,000. எங்கள் ஓடி வட்டி வருடத்துக்கு 17 வீதம். அதன்படி நாற்பது நாளுக்கு 13,786 ரூபா. அவர்கள் எடுத்திருந்தது 21,896. திருப்பிப் போட்டுப் பார்த்தால் 27 வீதம். பத்து வீதம் கூட. வட்டியில் 8,110, செக் கட்டணத்தில் 13,500, ஆக மொத்தம் 21,610 ரூபா எங்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறது.

அடுத்த நாள் காலையில் கிளைக்குப் போனேன். அதே உத்தியோகத்தர். நல்ல பிள்ளைதான், எரிந்து விழவில்லை. கணினியைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்கட லிமிட் எக்ஸ்பயர் ஆகிற்று. புதுசு ஜனவரி பத்தாம் திகதிதான் ஏறியிருக்கு. இடையில லிமிட் சைபர். அதால முழுக் காசும் அனுமதி இல்லாத ஓடி எண்டு சிஸ்டம் எடுத்திருக்கு" என்றார். பைல் எங்கே இருந்தது என்று கேட்டேன். பிராந்திய அலுவலகத்துக்குப் போகச் சுணங்கிவிட்டதாம்.

அந்த 1,500 எதற்கு? எல்லை இல்லாத கணக்கில் செக் வந்தால் சிஸ்டம் நிறுத்திவிடுமாம். மனேஜர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் அனுமதி கொடுத்தால்தான் பாஸ் ஆகுமாம். அதற்குத்தான் கட்டணம். எங்கள் செக் திரும்பாமல் காப்பாற்றினார்களாம்.

எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் வந்தது. ஒன்பது தடவை யாரோ ஒருவர் எங்கள் கணக்கைத் திறந்து, எல்லை முடிந்துபோயிற்று என்று பார்த்து, 'ஆம்' என்று அமத்தியிருக்கிறார். ஒன்பது தடவையில் ஒரு தடவையாவது போனை எடுத்து, அக்கா உங்கள் ஓடி முடிந்துவிட்டது என்று சொல்லத் தோன்றவில்லையா? புதுக் கார்ட் தருகிறோம், காப்புறுதி எடுங்கள் என்று வாரத்துக்கு இரண்டு கோல் அதே நம்பருக்கு வருகிறது.

மனேஜர் மனம் வைத்தால் நாலு செக்கின் கட்டணத்தைத் திருப்பலாம், 6,000 ரூபா வரும் என்றார் உத்தியோகத்தர். மனேஜர் கூட்டத்தில் இருக்கிறார், மறுகா வாங்க. அடுத்த கிழமை போனேன், மறுகா வாங்க. மூன்றாம் முறையும் மறுகாதான். எங்கள் ஊரில் மறுகா என்றால் பிறகு. வங்கியில் மறுகா என்றால் இல்லை.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுத ஒன்றும் கஷ்டமில்லை, திகதி, தொகை, கணக்கு எல்லாம் கையில் இருக்கிறது. ஒன்றே ஒன்று இல்லை. நவம்பர் 14ஆம் திகதி பைல் கொடுத்ததற்கு ஆதாரம். பழகின முகம் என்று முத்திரை வாங்காமல் வந்திருக்கிறேன். போனைத் துழாவினேன். அன்று மத்தியானம் வாட்ஸ்அப்பில் உத்தியோகத்தருக்கு "ரினியூவல் பேப்பர் எல்லாம் மேசையில் வைத்துவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு செய்தி போட்டிருந்தேன். அதற்கு அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தார். எங்கள் கடைக் கொப்பியில் வயதான கமக்காரர் சிலர் இன்னும் கைநாட்டு வைக்கிறார்கள். படித்த உத்தியோகத்தர் எனக்கு வைத்த கைநாட்டு இது. ஸ்க்ரீன்ஷொட் எடுத்துக் கொப்பி அடித்து இணைத்தேன்.

சட்டத்துக்கு ஆதாரம் தந்தது பக்கத்து அரிசி ஆலைக்காரர். அவர் பத்திரிகையில் வருகிற வங்கிச் செய்திகளை வெட்டி வைக்கிறவர். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு கட்டளை போட்டது: அடகுக்கு 18 வீதம், முன்கூட்டியே பேசி எடுக்கிற தற்காலிக ஓடிக்கு 23, கடன் அட்டைக்கு 28, இதற்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. அதே கட்டளையில் இன்னொரு வரியும் இருந்தது. கட்டத் தவறினால் போடுகிற தண்டவட்டி 2 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. எங்களுக்குப் போட்டது பத்து. அனுமதி இல்லாத ஓடி என்று பெயரை மாற்றிவிட்டால் 2 எப்படிப் பத்தாகும் என்று கடிதத்தில் ஒரு வரியாகவே கேட்டேன். அதே மாதத்தில் நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென்று ஒழுங்குவிதிகளும் வர்த்தமானியில் வந்திருந்தன. அதையும் குறிப்பிட்டேன்.

பெப்ரவரி 5, தலைமையகத்தின் முறைப்பாட்டுப் பகுதிக்குப் பதிவுத் தபால், கிளைக்கு ஒரு பிரதி. கிளைப் பிரதிக்கு மறக்காமல் முத்திரை வாங்கினேன்.

இரண்டு கிழமை சத்தமில்லை. அப்புறம் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுத்தேன். தமிழில்தான் பேசினார்கள், அவசரப்படாமல் கேட்டார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: வங்கிக்கு எழுத்தில் முறையிட்டீர்களா, எந்தத் திகதி? இல்லையென்று சொல்லியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள் என்று அனுப்பியிருப்பார்கள். மூன்று தடவை மறுகா கேட்டு அலைந்த அலைச்சல் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு சதத்துக்கும் உதவவில்லை. பதிவுத் தபால் துண்டுதான் உதவியது. இதிலும் சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கக் கொழும்பில் நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், 2003இலிருந்து இயங்குகிற அலுவலகம், முறைப்பாட்டுக்குக் காசு வாங்குவதில்லை. அங்கேயும் முதலில் வங்கியிடம் கேட்டிருக்க வேண்டும். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவை வரவில்லை. 1935க்கு இந்த விமர்சனத்தில் ஐந்துக்கு ஐந்து.

மார்ச் 11ஆம் திகதி கணக்கில் 19,988 ரூபா வந்து விழுந்தது. 13,500 செக் கட்டணம் முழுவதும், வட்டியில் 6,488. கிளையில் பேசியபோது 6,000 என்று தொடங்கியது இது. மிச்சம் 1,622 ரூபா தண்டவட்டி 2 வீதமாம், அது விதிப்படி சரியாம். பைல் தூங்கியது அவர்கள் மேசையில், தண்டம் மட்டும் எங்களுக்கா என்று நான் இரண்டாவது கடிதமும் எழுதினேன். "விடு, ஒரு போத்தல் களைநாசினிக் காசு" என்கிறார் அவர். களைநாசினி கடன் கொடுத்தால் மட்டும் கொப்பியில் சதம் வரைக்கும் எழுதுகிற மனிதர்.

புதிய மனேஜர் ஒரு மாதம் என்னைக் கண்டால் போனைப் பார்த்துக்கொண்டு நடந்தார். இப்போது சிரிக்கிறார்.

கணக்கு மாற்றிவிட்டீர்களா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. வேறு வங்கிக்குப் போனால் புதிதாக எல்லை எடுக்க ஒரு போகம் போய்விடும். ஆனால் ஓடி எடுக்க நினைக்கிற கடைக்காரர் யாராவது இதை வாசித்தால், முடிகிற திகதியைக் காலண்டரில் நீங்களே எழுதி வையுங்கள், உங்களுக்காக வங்கி எழுதி வைக்கும் என்று நம்பாதீர்கள். எல்லை முடிந்தால் என்ன வட்டி, ஒரு செக்குக்கு என்ன கட்டணம் என்பதைக் கையெழுத்து வைக்கும் முன்பே கேளுங்கள். எங்கள் உடன்படிக்கையில் அது ஏழாம் பக்கத்தில் இருந்தது, ஆங்கிலத்தில். இன்னொன்று, வெள்ளிக்கிழமை போட்ட செக்கைக் காசு என்று எண்ணாதீர்கள். 2006இல் செக்கின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கிற முறை வந்த பிறகு அடுத்த வேலை நாளே காசாகிவிடுகிறது, முன்பு மட்டக்களப்பில் போட்டால் கொழும்பு போய் வரக் கிழமைக் கணக்கில் ஆகும். ஆனாலும் வெள்ளிக்கு அடுத்த வேலை நாள் திங்கள். நீங்கள் கொடுத்த செக் திங்கள் காலையிலேயே வந்து நின்றால் ஓடி எல்லை தாண்டும், அதற்கும் கட்டணம் இருக்கிறது.

எடுத்த காசுக்கு நாலு, ஆட்களுக்கு நாலு, வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கூட்டிப் பிரித்தால் இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்தக் கொஞ்சத்தை 1,622 ரூபாவுக்காகக் கழித்துவிட்டேன்.

அடுத்த புதுப்பித்தலுக்கு நவம்பர் வரை இருக்கவில்லை, செப்டெம்பரிலேயே பைலோடு போனேன். "வைச்சிட்டுப் போங்க அக்கா" என்றார் அதே உத்தியோகத்தர். பிரதியை நீட்டி, முத்திரை என்றேன். லாச்சியைத் திறந்து தேடி எடுத்துக் குத்தினார். மைக்கட்டி காய்ந்துபோய்க் கிடந்தது, திகதி பாதிதான் விழுந்தது. போத்தலில் இருந்து ஒரு துளி தண்ணீர் விட்டுக் கொடுத்தேன். இரண்டாவது தடவை தெளிவாக விழுந்தது.