விண்டோஸ் 10 சப்போர்ட் முடிந்த பிறகு வைரஸ் கார்ட்: காசு கொடுத்து வாங்கத் தேவையா?

சுத்தி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் பழைய லெப்டொப்பில் விண்டோஸ் 10 ஓடுகிறது, 11 ஏறாது என்று சொல்லிவிட்டார்கள், “அப்போ நல்ல வைரஸ் கார்ட் ஒண்ணு வாங்கிப் போடுங்க, போதும்” என்று யாராவது சொன்னால் அந்தக் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸோடு சும்மா வருகிற டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளே அந்த வேலைக்குக் காணும். ஆனால் டிஃபெண்டரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவும் முடியாது, மைக்ரோசொப்ட் தருகிற இஎஸ்யூ என்ற பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பிலும் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு வருடச் சந்தா கட்டிய வைரஸ் கார்ட், அது முடிந்த பிறகு டிஃபெண்டர், இரண்டையும் ஒரே மெஷினில் வைத்து வேலை செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மெஷின் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. இன்டெல் ஐ3 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், பிறகு போட்ட ஒரு எஸ்எஸ்டி. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், ஆகவே அந்தக் கதவு மூடிவிட்டது. நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அடிப்பது, ஓ/எல் பிள்ளைகளுக்கு இரவில் சூம் வகுப்பு, அதிபர் அனுப்புகிற படிவங்களை நிரப்புவது, இவ்வளவுதான் இதில் நடக்கிற வேலை. இன்டர்நெட் டொங்கலில்தான், அதுவும் ஜன்னல் ஓரம் வைத்தால்தான் சிக்னல் ஒழுங்காக வரும், மழை நாளில் அதுவும் கடவுள் விட்ட வழி.

விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு சப்போர்ட் முடிந்தது. அன்றைக்கு மெஷின் நின்றுவிடவில்லை, ஒன்றுமே நடக்காத மாதிரி வழக்கம்போல ஓடியது. அதனால்தான் நிறையப் பேர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹட்டனில் ஒரு கடையில், “டீச்சர், சப்போர்ட் முடிஞ்சிருச்சு, இனி அப்டேட் வராது, அதுக்குப் பதிலாத்தான் இந்த வைரஸ் கார்ட்” என்று ஒரு தம்பி எனக்கு விளக்கம் சொன்னார். பெட்டியையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டார். நல்ல பிள்ளைதான், ஆனால் சொன்னது சரியில்லை. அப்டேட் செய்கிற வேலையும் வைரஸ் கார்ட் செய்கிற வேலையும் ஒன்றல்ல. லயத்துத் தகரக் கூரையில் ஓட்டை விழுந்தால் கீழே சட்டி வைக்கலாம், தண்ணீர் தரையில் படாது, அதற்காகக் கூரை சரியாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே. வைரஸ் கார்ட் அந்தச் சட்டி.

சந்தேகமாக இருந்தால் 2017ஐ நினைத்துப் பாருங்கள். வன்னாக்ரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் அந்த வருடம் மே 12ஆம் திகதி உலகம் முழுக்கப் பரவியது, பிரித்தானியாவில் ஆஸ்பத்திரிகளே தடுமாறின. யாரும் எதையும் க்ளிக் பண்ணவில்லை, விண்டோஸில் ஃபைல் பகிர்கிற பகுதியில் இருந்த ஓட்டை வழியாக மெஷினுக்கு மெஷின் தானாகத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே விட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். சப்போர்ட் முடிந்து மூன்று வருடமாகியிருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு, அடி விழுந்த பிறகு அவசரமாக ஒரு அப்டேட் விட்டார்கள். ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ஷ்டம் வராது.

சரி, காசு கொடுத்து வாங்கிய வைரஸ் கார்ட் எப்படி? பெயர் வேண்டாம். வைரஸ் பிடிக்கிறதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தொல்லை வேறு இடத்தில். 4 ஜிபி மெஷினில் அது எழும்பி உட்காரும் வரைக்கும் வேர்டைத் திறக்க முடியாது. சூம் வகுப்பு நடக்கும்போது மூலையில் இருந்து ஒரு விளம்பரம், விபிஎன் வாங்குங்கள், உங்கள் மெஷினில் தேவையில்லாத ஃபைல் இவ்வளவு இருக்கிறது, சுத்தப்படுத்த மேல் பக்கேஜுக்கு மாறுங்கள் என்று. திரையைப் பகிர்ந்திருந்தால் பிள்ளைகளும் அதைத்தான் வாசிக்கிறார்கள். இதெல்லாம் பரவாயில்லை, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றுகிற சின்ன மென்பொருள் ஒன்றை வைத்திருக்கிறேன், அதை ஒரு நாள் ஆபத்தானது என்று சொல்லி ஒரேயடியாகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டது. கேட்கவும் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய வேலை பாதியில் நிற்கிறது, நான் அப்படிப் பிடித்ததை அடைத்து வைக்கிற குவாரன்டைன் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வருடம் முடிகிற நேரம் புதுப்பிக்கச் சொன்ன விலை முதலில் வாங்கிய விலையைவிடக் கூட. அத்தோடு கும்பிடு போட்டேன்.

அதைக் கழற்றிய உடனே டிஃபெண்டர் தானாகவே முழுக் காவலுக்கு வந்துவிடும். இன்னொரு வைரஸ் கார்ட் இருக்கும்போது அது ஒதுங்கி நிற்கிற மாதிரித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் உள்ள ஏவி-டெஸ்ட் என்கிற சோதனைக் கூடம் இதற்குப் பல தடவை முழுப் புள்ளி கொடுத்திருக்கிறது, ஆகவே இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். முக்கியமான விஷயம், விண்டோஸ் 10க்கான டிஃபெண்டரின் வைரஸ் அடையாளப் பட்டியலுக்கு 2028 ஒக்டோபர் வரை அப்டேட் தருவதாக மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. கடைத் தம்பி பெட்டியில் வைத்து விற்கிற அந்தச் சட்டி ஏற்கெனவே உங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம்.

குறை இல்லாமல் இல்லை. ரான்சம்வேர், அதாவது கப்பம் கேட்கும் வைரஸ், அதற்கான தடுப்பு என்று ஒன்று உள்ளே இருக்கிறது, அதில் நீங்கள் குறிப்பிடுகிற ஃபோல்டர்களை முன்பின் தெரியாத மென்பொருள் தொட முடியாது. அருமையான வசதி, ஆனால் அதை நாமே போய் ஓன் பண்ண வேண்டும். இன்னொன்று பென், அதாவது பென் ட்ரைவ். பென்னைக் குத்திய உடனே டிஃபெண்டர் அதை முழுதாக ஸ்கேன் பண்ணுவதில்லை, நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும்போதுதான் பார்க்கும். நம்ம ஊரில் வைரஸ் வருகிற பிரதான பாதை பென்தான். கொம்யூனிகேஷன் கடையில் போட்டோக் கொப்பிக்கும் பிரிண்டுக்கும் நாள் முழுக்க ஆயிரம் பேருடைய பென் ஒரே மெஷினில் ஏறி இறங்குகிறது. வினாத்தாள் பிரிண்ட் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபோல்டர் இருந்த இடத்தில் அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட், மூலையில் சின்ன அம்புக்குறியோடு. உள்ளே இருந்ததெல்லாம் அழியவில்லை, மறைத்து வைத்திருக்கிறது, அந்த ஷோர்ட்கட்டை இரண்டு தட்டு தட்டினால் வைரஸும் ஓடும், உங்கள் ஃபோல்டரும் திறக்கும், நீங்களும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே பென்னைக் குத்தியதும் திறக்காமல், அதன் மேல் ரைட் க்ளிக் பண்ணி டிஃபெண்டரால் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். கடைக்கு பிடிஎஃப் ஒன்றை மட்டும் போட்ட தனிப் பென்னைக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

இப்போது இஎஸ்யூ. ஓட்டை அடைக்கிற அப்டேட்டை 2026 ஒக்டோபர் 13 வரை தருகிற திட்டம் இது. புது வசதி எதுவும் வராது, பாதுகாப்பு அப்டேட் மட்டும். 30 டொலர் கட்டியும் சேரலாம், நம்ம இலங்கைக் காசுக்கு 9,000 ரூபா அளவில் வரும், ஆனால் மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் பேக்கப்பில் செட்டிங்ஸை சேமிக்க ஒத்துக்கொண்டால் ஒரு சதமும் இல்லை. மெஷினில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் அதற்கு வர வேண்டும். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேரச் சொல்லி ஒரு இணைப்பு தெரியும், அதை அழுத்திச் சொல்வதைச் செய்தால் முடிந்தது. தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை, டொங்கல் ஒத்துழைத்தால். உங்கள் செட்டிங்ஸ் மைக்ரோசொப்டிடம் போவது பிடிக்காதவர்கள் காசு கட்ட வேண்டியதுதான், எனக்கு அதில் பெரிய மனக்கஷ்டம் இல்லை.

டொங்கல் காரர்களுக்கு ஒரு விஷயம். டேட்டாவை மிச்சம் பிடிக்க மீட்டர்ட் கனெக்ஷன் போட்டு வைத்திருந்தால் அப்டேட் தானாக இறங்காமல் நிற்கலாம். மைக்ரோசொப்ட் மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடுகிறது, நமக்கு அது இரவாகிவிடும், ஆகவே புதன்கிழமை ஒரு தடவை நீங்களே போய் அப்டேட்டைத் தேடச் சொல்லுங்கள்.

அப்புறம் இந்தக் கிரேக் விவகாரம், அதாவது காசு கட்டாத திருட்டு விண்டோஸ். கடையில் விண்டோஸ் அடித்துத் தரும்போதே லைசன்ஸ் இருக்கிற மாதிரிக் காட்டுகிற எக்டிவேட்டர் ஒன்றை ஓட்டிவிடுகிறார்கள், டிஃபெண்டர் அதை ஓட்டோகேஎம்எஸ் என்று பெயர் சொல்லிப் பிடிக்கும், உடனே டிஃபெண்டரை ஓஃப் பண்ணி, அந்த ஃபோல்டரைப் பார்க்காதே என்று விதிவிலக்கும் போட்டுத் தருவார்கள். அப்படி ஒரு மெஷினில் எந்த வைரஸ் கார்ட் போட்டாலும் வீண். உங்களுடையது கடையில் அடித்ததென்றால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள், அதில் நீங்கள் போடாத ஃபோல்டர் ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இன்னும் விண்டோஸ் 7 வைத்திருக்கிறவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது. அதற்கு 2020 ஜனவரியிலேயே சப்போர்ட் முடிந்தது, 2023இல் குரோமும் கைவிட்டது, அதன் 109ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. அதில் வங்கிக் கணக்கு திறக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. டைப் அடிக்க மட்டும் வைத்துக்கொண்டு இன்டர்நெட்டைக் கழற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 11ஐ எப்படியாவது ஏற்றித் தருகிறோம் என்று சொல்கிற கடைகளும் உண்டு. ஏற்றலாம், ஓடும். ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும் என்று உறுதி தர முடியாது என்று மைக்ரோசொப்டே சொல்கிறது, அப்டேட்டுக்காகத்தானே இந்தப் பாடு எல்லாம். 2026 ஒக்டோபருக்குப் பிறகு நான் விண்டோஸுக்குப் பதிலாகச் சும்மா கிடைக்கிற லினக்ஸ் மின்ட்டுக்குப் போவதாக இருக்கிறேன், 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் இருக்கிறது, பென்னில் போட்டு நிறுவாமலே ஓட்டிப் பார்க்கவும் முடிகிறது. பாமினி எழுத்துருவைப் போட்டால் வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஒஃபிஸில் பழைய வினாத்தாள்கள் திறக்கின்றன, கட்டம் போட்ட பக்கங்கள் மட்டும் கொஞ்சம் நகர்ந்து நிற்கின்றன, அதைக் கையால் இழுத்துச் சரிசெய்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் பிரிண்ட் கடையில் ஒரு பிரச்சினையும் இல்லை.