எல்லையோரக் கூரையில் சோலார்: இரண்டு கோடை கண்ட அனுபவம்

சோலார் போடலாமா என்று கேட்கும் உறவினர்களிடம் நான் தயங்காமல் போடச் சொல்கிறேன். கேரள-தமிழக எல்லையில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை மறைவுப் பகுதி. கேரளம் முழுக்க நனையும் நாட்களிலும் எங்களுக்கு வெயில் உண்டு.

எங்கள் வீட்டுக் கூரையில் இருப்பது 3 கிலோவாட் அமைப்பு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைத்தது. பங்குனி, சித்திரையில் ஒரு நாளைக்கு 12 யூனிட் சாதாரணமாக வருகிறது. ஆடியில் அதில் பாதி வந்தால் பெரிது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி வந்து பேனல்மேல் படியவைத்துவிடும். விடியற்காலையில் வெறும் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும். உச்சி வெயிலில் ஊற்றாதீர்கள், சூடேறிய கண்ணாடிக்கு அது ஆகாது.

"கரண்ட் போனால் உங்கள் வீட்டிலும் ஏன் இருட்டு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கும் லைனுக்கும் ஏற்றபடி மாற்றும் கருவிதான் இன்வெர்ட்டர். பேட்டரி இல்லாத இந்த வகை, லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவரின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது. விற்க வருபவர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

என்னை மிகவும் வாட்டியது வேறொன்று. எங்கள் வீடு லைனின் கடைசியில் இருக்கிறது. அதே டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் பல வீடுகள் சோலார் போட்டதும், எல்லாரும் லைனுக்குள் தள்ளும் மின்சாரத்தால் நண்பகலில் வோல்டேஜ் 260-ஐ நெருங்கி, இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுபோகத் தொடங்கியது. வெயில் கொளுத்தும் நேரத்தில் உற்பத்தி பூஜ்யம்! பலமுறை மனு கொடுத்த பிறகு, லைன்மேன் வந்து டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பான டேப்பை ஒரு படி மாற்றினார். தொல்லை பெருமளவு குறைந்தது. ஆகவே பணம் கட்டும் முன் உங்கள் வீட்டு மீட்டரில் பகல் 12 மணிக்கு வோல்டேஜ் 260-ஐ நெருங்குகிறதா என்று பாருங்கள்.

பகலில் எங்கள் ஊர் லைனில் மின்சாரம் வழிகிறது. மாலை 6 மணிக்கு மேல் மாநிலமே பற்றாக்குறையில் தவிக்கிறது. கேரளத்துக்குச் சொந்தமாக நிலக்கரியில் ஓடும் மின்நிலையம் ஒன்றும் இல்லை. தேவையில் பெரும்பகுதி வெளியிலிருந்து விலைக்கு வருகிறது, அதில் நிலக்கரி மின்சாரமும் உண்டு. 780 மெகாவாட் இடுக்கி நீர்மின் நிலையம் மாலை நேரத்துக்குக் கைகொடுக்கிறது. மாலையில் நாம் குறைக்கும் யூனிட் இடுக்கித் தண்ணீரையோ விலைக்கு வாங்கும் மின்சாரத்தையோ மிச்சப்படுத்தும் என்பதால்தான் நான் பம்பு செட்டையும் மாவரைப்பதையும் பகலுக்கு மாற்றினேன். ஆனால் பகலில் கொடுத்த யூனிட்டை இரவில் அப்படியே கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் கணக்கில் அப்படி மாற்றுபவருக்குத் தனிப் பலன் எதுவும் இல்லை.

அடுத்த மானியம், பகலில் வழிவதை மாலைக்குச் சேர்த்துவைக்கும் பேட்டரிக்குத்தான் வர வேண்டும், அதுவும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்று என்ற கணக்கில். கூரை சொந்தமில்லாத வாடகை வீட்டுக்காரருக்கும் அதில் பங்கு கொடுக்க வேண்டும்.