கப்பல் கபினட்டுகளில் பராமரிப்புக் கருவிகள்: கதவுக் கொக்கியா, சுவர்ப் பெட்டியா, லாச்சியா?

கொழும்புத் துறைமுகத்தில் இயங்கும் ஓர் இழுவைப் படகின் கட்டுப்பாட்டு அறையைப் புதுப்பித்தபோது, அங்குள்ள மின் கபினட்டுகளுக்குரிய கருவிகளை எங்கே வைப்பது என்பதைப் படகின் மின் பொறுப்பாளரும் நானும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டியிருந்தது. வழக்கம்போல எல்லாவற்றையும் ஒரே கருவிப்பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு திரியலாம். கபினட் கதவின் உட்புறத்தில் கொக்கிகளும் பைகளும் பொருத்தலாம். பக்கத்துச் சுவரில் தனிப் பெட்டி அமைக்கலாம். அல்லது கபினட்டில் சாதனங்களைத் திருகிப் பொருத்தும் சட்டமான ராக்குக்குள்ளேயே, கருவிகளின் வடிவத்துக்கு நுரைத்தாள் வெட்டிப் பதித்த லாச்சி ஒன்றைப் பூட்டலாம். நாங்கள் லாச்சியைத் தெரிவு செய்தோம். படகு முழுவதற்கும் மின்சாரத்தைப் பகிரும் பிரதான சுவிட்ச்போர்டுக்கு மட்டும் சுவர்ப் பெட்டி. அந்தத் தீர்மானத்தில் இன்றும் உறுதியாக இருப்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கருவிப்பெட்டியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய சோனகத் தெருவில் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் வாங்கலாம். எஞ்சின் அறைக்கும், கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜுக்கும் கூடவே வரும். ஆனால் அதற்குள் எண்ணெய் பட்ட ஸ்பனரும் காப்பிட்ட திருப்புளியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். 1000 வோல்ட் வரையான வேலைக்கென சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் (ஐ.இ.சி.) 60900 தரத்தின்படி செய்யப்பட்ட திருப்புளியின் காப்புறை, பக்கத்தில் கிடக்கும் உளியின் விளிம்பில் உரசிக் கீறுபட்டுவிட்டால், அதன் பிறகு அந்தத் தரத்தை நம்பி அதைக் கையிலெடுக்க முடியாது. மின்வேலைக் கருவிகளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இருக்கவில்லை.

கதவின் உட்புறம் முதற் பார்வைக்கு மிக நல்ல இடமாகத் தோன்றும். வேறெதற்கும் பயன்படாத பரப்பு. கதவைத் திறந்தவுடன் கருவி கைக்கெட்டும். மின் வரைபடத்துக்கான பையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கரையிலுள்ள தொழிற்சாலைக் கபினட் என்றால் நானும் இதையே சொல்லியிருப்பேன். கப்பலில் அந்தக் கதவு எந்நேரமும் அதிர்ந்துகொண்டிருக்கும். கப்பலில் பொருத்தும் மின்சாதனங்களின் வகைச் சோதனைக்காக, கப்பல்களைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்படுத்தல் சங்கங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டுள்ள விதி, 2 முதல் 13.2 ஹெர்ட்ஸ் வரை 1 மி.மீ. வீச்சிலும், அதற்கு மேல் 100 ஹெர்ட்ஸ் வரை 0.7 ஜி (புவியீர்ப்பின் 0.7 மடங்கு) முடுக்கத்திலும் அதிர்வைத் தாங்க வேண்டும் என்கிறது. கபினட்டுக்குள் இருக்கும் ரிலேயும் பிரேக்கரும் அந்தச் சோதனையைத் தாண்டி வந்தவை. கதவில் நாமாகத் திருகும் கொக்கி அப்படி வந்ததல்ல. மூடிய கதவின் உட்புறத்தில், மின்னோட்டமுள்ள பாகங்களை நோக்கித் தொங்கும் இரும்புக் கருவி ஒன்று நழுவினால், அது விழுவதற்கு உள்ளே தவிர வேறு இடமில்லை. 440 வோல்ட் பஸ்பார்கள் (மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் உலோகப் பட்டைகள்) இரண்டுக்குக் குறுக்கே ஸ்பனர் விழுந்தால், அது ஒரு பொறியோடு முடிகிற விஷயமல்ல. வில்மின் (காற்றினூடே பாயும் கடுஞ்சூடான மின்சாரம்) எழுந்து, எதிரில் நிற்பவரின் முகத்தையும் கையையும் எரித்துவிடும்.

கொக்கிக்குப் பதிலாகக் காந்தப் பட்டி போடலாமே என்று சிலர் கேட்பார்கள். பிரிட்ஜில் அந்தப் பேச்சே வேண்டாம். காந்தத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் எந்தச் சாதனத்தை எவ்வளவு தூரத்தில் வைக்கலாம் என்று அளந்து எழுதி ஒட்டும் துறையில், நாமாகவே ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. எஞ்சின் அறையில் திசைகாட்டிப் பிரச்சினை இல்லை என்றாலும், காந்தம் ஏறிய திருப்புளியின் முனை இரும்புத் துகள்களைப் பொறுக்கிக்கொண்டு போய்த் தொடுமுனைகளுக்கு நடுவே விட்டுவிடும்.

இனி, எங்களைத் தீர்மானிக்க வைத்த விடயத்துக்கு வருகிறேன். கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நல்லதுதான். அதைவிட முக்கியமானது, வேலை முடிந்து கபினட்டை மூடும் முன் ஒரு கருவி குறைகிறது என்பது தெரியவருவது. கப்பல் புறப்படும் நேரத்தில் வேலை எப்படி முடிகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். கப்பலைத் துறைமுகத்திலிருந்து வழிநடத்தும் பைலட் வரும் நேரம் குறித்தாயிற்று, மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி மேலிருந்து இரண்டு தடவை கேட்டாயிற்று, காலையில் கபினட்டைத் திறந்தவர் வேலைமுறை மாறிப் போய்விட்டார், மூடப்போகிறவர் வேறொருவர். உள்ளே என்னென்ன கருவிகள் போயின என்பது அவருக்குத் தெரியாது. கருவிப்பெட்டியைத் திறந்து பார்த்தால், முன்பு எத்தனை இருந்தன என்று அது அவருக்குச் சொல்லாது. பட்டியலை எடுத்துச் சரிபார்க்கலாம். அந்த அவசரத்தில் அதைச் செய்கிறவர்கள் குறைவு.

விமானப் பராமரிப்பில் இந்தப் பிரச்சினைக்கு நெடுங்காலமாக ஒரு தீர்வு இருக்கிறது. இரண்டு நிற நுரைத்தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேல் நிறத்தை மட்டும் ஒவ்வொரு கருவியின் வடிவத்துக்கும் வெட்டி எடுக்கிறார்கள். கருவி இருக்கும்வரை கறுப்புத்தான் தெரியும். எடுத்துவிட்டால் கீழேயுள்ள மஞ்சள் தெரியும். எங்கள் லாச்சியில் 13 மி.மீ. ஸ்பனரை எடுத்தால் அதன் வளையம், கழுத்து, வாய் அத்தனையும் மஞ்சளில் அப்படியே தெரிகின்றன. டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு மீற்றர் தள்ளி நின்று பார்த்தாலும் குறைவது எது என்று சொல்லிவிடலாம். எண்ணத் தேவையில்லை, வாசிக்கத் தேவையில்லை, முன்பு எப்படி இருந்தது என்று நினைவில் வைத்திருக்கத் தேவையுமில்லை.

இந்த நன்மை லாச்சிக்கு மட்டும் உரியதல்ல என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுவர்ப் பெட்டிக்குள்ளும் இதே நுரைத்தாளைப் பதிக்கலாம், நாங்களே பதித்திருக்கிறோம். லாச்சி முந்துவது வேறோர் இடத்தில்: அது வேலை நடக்கும் அதே கபினட்டுக்குள் இருப்பதால், மூடுகிறவரின் கண்ணுக்குத் தப்ப வழியில்லை. கபினட் சாவியையும் லாச்சிச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து, லாச்சியில் எங்காவது மஞ்சள் தெரிந்தால் கபினட்டைப் பூட்டுவதில்லை என்று விதி வைத்தோம். சுவர்ப் பெட்டி இரண்டடி தள்ளி இருந்தாலும், அதைத் திறந்து பார்ப்பது ஒரு தனிவேலை ஆகிவிடுகிறது. தனிவேலை என்று ஆகிவிட்டால், அவசரத்தில் முதலில் விடுபடுவது அதுதான்.

சின்னச் சாமான்களையும் இதே முறைக்குள் கொண்டுவர வேண்டும். பிட் செற் போலப் பல துண்டுகளாகப் பிரியும் கருவிகளைத் தவிர்த்து, முழுத் துண்டாக உள்ள திருப்புளிகளையே வாங்கினோம். மல்டிமீற்றருக்கு ஒரு குழி, அதன் இரண்டு முனைக் கம்பிகளுக்கும் தனித்தனிக் குழி, முனை மூடிகளுக்குக்கூடச் சிறு குழிகள். கழற்றிய டேர்மினல் ஸ்குரூக்களைப் போட்டு வைக்க, மூடியுள்ள ஆழமற்ற குழி ஒன்றையும் விட்டோம்; கபினட்டை மூடும்போது அது வெறுமையாக இருக்க வேண்டும்.

லாச்சியைப் பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வழக்கமான 19 அங்குல ராக்கின் முன்பலகை அகலம் 482.6 மி.மீ.; ஓர் அலகு உயரம் 44.45 மி.மீ. கைக்கருவிகளுக்கும் மல்டிமீற்றருக்கும் இரண்டு அலகு, அதாவது 88.9 மி.மீ. போதும். காப்புத்தடையை அளக்கும் மெக்கரையும் உள்ளே வைப்பதென்றால் மூன்று அலகு வேண்டும். சாதாரண அலுவலக லாச்சியின் தண்டவாளம் இங்கே உதவாது. பிரதான இயந்திரங்கள் 22.5 பாகை உருளலிலும் இயங்க வேண்டும் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் விதி கேட்கிறது. அந்தச் சாய்வில், கருவிகளோடு 10 கிலோ எடையுள்ள லாச்சி தன் பூட்டை ஏறத்தாழ 3.8 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும், அலையின் உலுக்கல் அதற்கு மேலதிகம். ஆகவே மூடிய நிலையிலும் முழுதாக இழுத்த நிலையிலும் தானாகப் பூட்டிக்கொள்ளும் தண்டவாளமே வேண்டும். லாச்சியைக் கபினட்டின் அடிப்பகுதியில் வையுங்கள்: எடை கீழே இருக்கும், மேலேயுள்ள சாதனங்களின் காற்றோட்டம் தடைப்படாது. கபினட் றப்பர் தாங்கிகளில் நிற்கிறதென்றால், கூட்டும் எடை அதன் அதிர்வுப் போக்கை மாற்றும். தயாரிப்பாளர் அனுமதிக்கும் எடையைப் பார்த்த பின்பே கருவிகளைத் தெரிவு செய்ய வேண்டும். உலோக லாச்சிக்குப் புவித்தொடுப்புப் பட்டியும் கட்டாயம்.

பிரதான சுவிட்ச்போர்டில் இவை எதுவும் பொருந்தாது. பஸ்பார் இருக்கும் அறைக்குள் அதற்குச் சொந்தமில்லாத ஒரு திருகாணிகூட இருக்கக் கூடாது. அங்கே சுவர்ப் பெட்டிதான். அதன் கதவு திறந்து நிற்கும்போது சுவிட்ச்போர்டுக்கு முன்னாலுள்ள நடைபாதை அடைபடாத இடமாகப் பார்த்துப் பொருத்த வேண்டும்.

நுரைத்தாளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மெத்தையில் போடும் ஸ்பொஞ் நம் காலநிலையின் ஈரத்தில் ஊறி, காலப்போக்கில் மாவாக உதிரும். ரெஜிபோம் உருண்டைகளாகப் பிரிந்து ரிலேக்களுக்குள் போகும். செருப்பு அடிப்பாகத்துக்குப் பயன்படும் ஈ.வி.ஏ. தாள், அல்லது மூடிய கண்ணறைகளுள்ள பொலித்தீன் நுரை, இரண்டில் ஒன்றை எடுக்கலாம். தீப்பற்றலைத் தாமதிக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். மின்னணு அட்டைகள் பொதிந்து வரும் சில கறுப்பு நுரைகளில் கரி கலந்திருப்பதால் அவை மின்சாரத்தைக் கடத்தும். அவற்றை இங்கே போட வேண்டாம். ஒட்டும்போது வினாகிரி மணம் வீசும் சிலிக்கனைத் தவிருங்கள்: அது இறுகுகையில் வெளிவிடும் அசற்றிக் அமிலம் செப்புத் தொடுமுனைகளை அரிக்கும்.

மூடிய கண்ணறை நுரை தண்ணீரை உறிஞ்சாது. அதே காரணத்தால் கருவிக்கு அடியில் தங்கிய ஈரத்தை விடவும் விடாது. துடைக்காமல் வைத்த குறடு மேற்புறம் பளபளக்க, அடிப்புறத்தில் கறள் பிடித்திருக்கும். குழிகளின் அடியில் சிறு துளைகள் போட்டதும், ஆவியாகிக் கறளைத் தடுக்கும் தாளை லாச்சிக்குள் வைத்து அவ்வப்போது மாற்றுவதும் எங்களுக்குப் போதுமாக இருந்தன. கொக்கியில் தொங்கும் கருவிக்குக் காற்றோட்டம் உண்டு. இந்த ஒரு விடயத்தில் கதவுதான் மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் அனுபவம் துறைமுகப் படகுகளிலும் கரையோரக் கப்பல்களிலும் கிடைத்தது. மாதக்கணக்கில் ஆழ்கடல் அலையில் ஓடும் கப்பலில் தண்டவாளப் பூட்டு எவ்வளவு தேயும் என்பதை அதில் பணியாற்றுபவர்களே சொல்ல வேண்டும். எண்ணெய்க் கப்பல்களின் வெடி அபாயப் பகுதிகளில் கபினட்டுக்குள் எதையும் கூடுதலாகப் பொருத்துவது வேறு விதிகளுக்கு உட்பட்டது. அங்கே இந்தக் கட்டுரையை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

செலவில் லாச்சி மற்ற எல்லாவற்றையும் விடக் கூடுதல்தான். அதில் பெரும்பங்கு தண்டவாளத்துக்குப் போகிறது. நுரையை வெட்டுவது பெயர்ப்பலகை செய்பவர்களின் லேசர் இயந்திரத்தில் விரைவாக முடிந்துவிடும். பின்னாளில் வரும் சிக்கல், கருவி ஒன்று உடைந்து வேறு தயாரிப்பில் புதியது வரும்போது தொடங்குகிறது: கைப்பிடி சற்றுத் தடித்திருக்கும், குழிக்குள் இறங்காது, யாராவது கத்தியால் நுரையைக் குடைவார்கள், குழியின் வடிவம் கெட்டு மஞ்சள் எந்நேரமும் ஓரத்தில் தெரியத் தொடங்கும். எனவே ஒவ்வொரு கருவியின் தயாரிப்பாளர் பெயரையும் மாதிரி எண்ணையும் லாச்சியின் உட்சுவரில் எழுதி வையுங்கள். வெட்டுக்கான கோப்பைக் கப்பலின் கணினியில் சேமித்து, மேல் தாளில் இன்னொன்றையும் முதலிலேயே வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.