உள்ளமைந்த வரிசைப்படுத்தலுக்கு எது? குவிக் சோர்ட், மேர்ஜ் சோர்ட், டிம்சோர்ட்

திருகோணமலையில் உயர்தரத்துக்கு ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "குவிக் சோர்ட்தானே வேகம், பிறகு ஏன் சேர் பைத்தன் அதைப் பாவிப்பதில்லை?" நல்ல கேள்வி. நிரல் மொழியிலேயே அமைந்து வரும் பட்டியல் அடுக்கும் செயற்கூற்றுக்கு எந்த முறை ஏற்றது என்பதுதான் விடயம். தரவு எந்த நிலையில் வந்து சேர்கிறது என்று பார்த்தால் பதில் தெரியும்.

நிலாவெளியில் ஒரு மீன் வாடியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். தோணி கரைசேரச் சேர எழுதுவதால் அது நேர வரிசையிலேயே இருக்கும். நேற்றுவரை அடுக்கிய பட்டியலின் அடியில் இன்றைய வரிகள் சேரும். நடைமுறையில் வரும் தரவு பெரும்பாலும் இப்படித்தான், பாதி அடுக்கியபடி.

கணினி அறிஞர் ஹோர் 1961இல் வெளியிட்ட குவிக் சோர்ட், ஓர் உறுப்பைப் பிவட்டாக எடுத்து, அதைவிடச் சிறியவற்றை ஒருபுறமும் பெரியவற்றை மறுபுறமுமாகப் பிரித்து, ஒவ்வொரு புறத்தையும் அப்படியே திரும்பப் பிரிக்கும். அதற்கு மேலதிக நினைவக இடம் அதிகம் வேண்டாம். நினைவகத்தில் அருகருகே உள்ளவற்றையே தொடுவதால், கலைந்து கிடக்கும் எண்களில் அதன் வேகம் அபாரம். ஆனால் முதல் உறுப்பையே பிவட்டாக எடுக்கும் எளிய வடிவத்துக்கு, ஏற்கெனவே அடுக்கிய 10,000 வரிகளைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு இலட்சம் ஒப்பீட்டுக்குள் முடிய வேண்டிய வேலை ஏறத்தாழ 5 கோடி ஒப்பீடுகளைத் தின்னும். 1997இல் மஸ்ஸர் முன்வைத்த இன்ட்ரோசோர்ட் இதைத் தீர்த்தது: பிரிப்பு அளவுமீறி ஆழமாகப் போனால் எந்தத் தரவிலும் இவ்வளவு மோசமாகாத ஹீப் சோர்ட் என்ற வேறு முறைக்கு மாறிவிடும். சி பிளஸ் பிளஸ் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது.

சரி, வேகப் பிரச்சினை தீர்ந்தது. நிலைத்தன்மை, அதாவது சமமான வரிகள் முன்பிருந்த ஒழுங்கிலேயே நிற்பது? வாடிக் கணக்கை மீனின் பெயர்ப்படி அடுக்கினால், காலை 6 மணிப் பாரை 7 மணிப் பாரைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். குவிக் சோர்ட் அதற்கு உத்தரவாதம் தராது. குரோம் உலாவியின் ஜாவாஸ்கிரிப்டில் 2018 வரை 10 வரிக்கு மேற்பட்ட பட்டியலுக்கு நிலைத்தன்மை இல்லாத குவிக் சோர்ட்தான் ஓடியது. 10 வரை வேறு முறை. பத்து வரி போட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். பதினோராவது வரியில் ஒழுங்கு குலையலாம். இப்படியான பிழையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து, அடுக்கி இணைக்கும் மேர்ஜ் சோர்ட் நிலைத்தன்மை உள்ளது, மோசமான நிலையிலும் தடுமாறாது. ஆனால் பட்டியலளவு மேலதிக இடம் கேட்கும். எளிய வடிவம், அடுக்கியதையும் திரும்பப் பிரித்து இணைக்கும்.

2002இல் பைத்தனுக்காக டிம் பீட்டர்ஸ் எழுதிய டிம்சோர்ட், ஏற்கெனவே ஏறுவரிசையில் உள்ள துண்டுகளைத் தேடிப்பிடித்து அவற்றை இணைக்கிறது. அடுக்கிய 10,000 வரிகளுக்கு 9,999 ஒப்பீடுகள் போதும். பைத்தனில் ஒவ்வொரு ஒப்பீடும் செலவானது என்பதால் இந்தச் சிக்கனம் பெரிது. மேலதிக இடமும் அதிகபட்சம் பாதிதான். குறை, சிக்கலான நிரல்: ஜாவாவின் டிம்சோர்ட்டில் நிரல் உடையக்கூடிய ஒரு வழு, நிரல் சரியா என்று கணித வழியில் நிறுவும் முறைசார் நிரூபணத்தில் ஈடுபட்ட ஆய்வாளர்களால் 2015இல்தான் வெளிவந்தது.

என் தெரிவு டிம்சோர்ட் வகைதான். பொதுச் செயற்கூற்றைக் கூப்பிடுகிறவர் நிலைத்தன்மை பற்றி யோசித்திருக்க மாட்டார். மொழிதான் அவருக்காக யோசிக்க வேண்டும். வெறும் முழுவெண்களுக்கு மட்டும் குவிக் சோர்ட் வகை சரி, ஏனென்றால் ஒரு 5க்கும் இன்னொரு 5க்கும் வித்தியாசமே இல்லை. ஜாவா 7 முதல் அப்படித்தான் பிரித்திருக்கிறது: பொருள்களுக்கு டிம்சோர்ட், எண்களுக்கு இரட்டைப் பிவட் குவிக் சோர்ட். ரஸ்ட் மொழி நிலைத்தன்மை உள்ள முறையையும் இல்லாத முறையையும் தனித்தனிப் பெயரில் தருகிறது. நிலைத்தன்மை வேண்டாம் என்பவர் அதை வெளிப்படையாக எழுதிக் கேட்க வேண்டும். இந்த ஏற்பாடுதான் எனக்கு அதிகம் பிடித்தது.