ஸ்னைடருக்கு ஐந்து நட்சத்திரம், கோவெண்டருக்கு ஒன்றரை

பேத்தியின் மூன்றாவது பிறந்தநாளுக்குள் குடும்ப மரம் ஒன்றை வரைந்து சட்டம் போட்டு மாட்டிவிட வேண்டும் என்பது சம்பந்தியம்மாவின் ஆசை. அவர்கள் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில். அவர்கள் பக்கம் ஏற்கெனவே தயார்: ஸ்னைடர் வம்சம், எட்டுத் தலைமுறை, 1749இல் கப்பலிலிருந்து இறங்கியவர் வரைக்கும். எங்கள் பக்கத்துக்கு மூன்று கட்டம் விட்டு அனுப்பியிருந்தார்கள். மூன்றே போதுமென்று நினைத்தார்களோ, தாளில் இடம் தீர்ந்துவிட்டதோ தெரியாது. எனக்குச் சுருக்கென்றது.

அவர்கள் பயன்படுத்திய அதே வம்சாவளி தேடும் இணையச் சேவைக்கு நானும் ஆறு மாதச் சந்தா கட்டினேன். ஏறக்குறைய 2,400 ரேண்ட். ஓய்வுபெற்ற தமிழ் டீச்சருக்கு அது சின்னத் தொகை இல்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒன்றோடு நிற்பதில்லை. இலவசமாக எட்டிப் பார்த்த வேறு இரண்டும் இதே அச்சில் வார்த்தவைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது. கை பழகட்டும் என்று மாப்பிள்ளை பக்கத்தையே தட்டிப் பார்த்தேன். அடேயப்பா! பெயரையும் ஊரையும் போட்டு முடிப்பதற்குள் மேலே மணி அடிக்கிறது, "உங்களுக்கு 11 குறிப்புகள்" என்கிறது. ஞானஸ்நானப் பதிவு, உயில், நிலப் பத்திரம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள் எல்லாம் அசல் படத்தோடு. ஒரு வாரம் சமையலே தாமதம்.

அதில் என்னை உட்கார வைத்தது ஒரு பக்கம். 1727 முதல் பென்சில்வேனியாவில் ஒரு விதி: வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் ஆண்கள், 16 வயதுக்கு மேற்பட்டவர்கள், பிலடெல்பியாவில் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். கப்பல் தலைவனும் தனியாக ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. ஒன்றில் ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி 'ஸ்னைடர்' என்று எழுதியிருக்கிறார். மற்றதில் அந்த மனிதர் தன் கையால், கொக்கி கொக்கியான ஜெர்மன் எழுத்தில், 'ஷ்னைடர்' என்று முழுசாக எழுதியிருக்கிறார். பேனாவை அழுத்திப் பிடித்திருக்கிறார், கடைசி எழுத்தில் மை பரவியிருக்கிறது. ஷ்னைடர் என்றால் தையற்காரர். பெயர் எந்த நொடியில் மாறியது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை வெட்டிச் சுருக்கி அனுப்பினார்கள் என்று ஒரு கதை அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்வார்கள். சம்பந்தியம்மாவும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892இல். இவர்கள் வீட்டு ஷ்னைடர் அதற்கு நூற்று நாற்பது வருடம் முந்தி. பிறகு வந்தவர்களுக்கும்கூட, கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்தில் எழுதிக் கொடுத்த பட்டியலைத்தான் அதிகாரிகள் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டது பெரும்பாலும் ஊருக்குள் போன பிறகு, அவரவர் வசதிக்கு. மியூலர் மில்லர் ஆனார், ஷ்மிட் ஸ்மித் ஆனார். ஹூபர் ஹூவர் ஆகி ஜனாதிபதியானார். ஐசன்ஹவர் வீட்டார் 1741இல் வந்தபோது ஐசன்ஹாவர். இரும்பு வெட்டுகிறவர் என்று அர்த்தம். சம்பந்தியம்மாவின் தாய்வழி கார்பென்டர். தோண்டிப் பார்த்தால் ட்ஸிம்மர்மன். தச்சர், நம் ஊர் ஆசாரி. பெயரை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டுவிட்டார்கள். அர்த்தம் தங்கியது, ஒலி போய்விட்டது.

முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய 1917-18இல் இன்னொரு அலை. ஜெர்மானியப் பெயர் வைத்திருப்பதே ஆபத்தாகிவிட்டது. ஊறவைத்த முட்டைக்கோஸுக்குக்கூட 'சுதந்திர முட்டைக்கோஸ்' என்று பெயர் மாற்றினார்கள். இத்தனைக்கும் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிப் போன பெர்ஷிங்கே ஜெர்மானிய வம்சத்தவர்தான்! இந்தப் பகுதியைச் சேவை நன்றாகவே விளக்குகிறது. ஹாம்பர்க் வழியே போனவர்களின் பட்டியல் 1850 முதல் 1934 வரை இருக்கிறது, அதில் சொந்த ஊர் எழுதியிருக்கும். பிரேமன் துறைமுகம் பழைய பட்டியல்களை வைக்க இடமில்லையென்று அழித்துவிட்டது, ஆகவே அங்கே தேடி நேரத்தை வீணாக்காதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. காசு வாங்கினால் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும். ஸ்னைடர் பக்கத்துக்கு ஐந்து நட்சத்திரம், தயங்காமல்.

டிஎன்ஏ பெட்டியும் வாங்கினேன். குழாயில் உமிழ்நீர் துப்பி அனுப்பி, ஏழு வாரம் காத்திருந்து, நான் தென்னிந்தியர் என்று தெரிந்துகொண்டேன். வாங்காதீர்கள்.

இனி நம் பக்கம்.

முதல் முட்டுக்கட்டை 'குடும்பப் பெயர்' என்ற கட்டம். நட்சத்திரக் குறி போட்டது; நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. என் கணவர் வீடு கோவெண்டர். சரி, அதைப் போட்டேன். இவர்களின் முன்னோர் கவுண்டராக இருந்து, டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் கோவெண்டர் ஆனவர்கள். 'யு' எழுத்தை எவனோ 'வி' என்று படித்துவிட்டான் என்பது என் கணவரின் தீர்ப்பு, ஐம்பது வருடமாக மாற்றமில்லை. எழுத்து மாறினாலும் கண்டுபிடிக்கத்தான் 'ஒலி ஒப்புமை' என்ற பொத்தான் இருக்கிறதே என்று அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை.

ஏன் என்று குடைந்ததில் விஷயம் பிடிபட்டது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது சவுண்டெக்ஸ் என்ற முறை, 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அந்த நாட்டு மக்கள்தொகை ஏடுகளுக்கு அட்டவணை போட்டதே இதை வைத்துத்தான். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும்; உயிரெழுத்துகளைத் தள்ளிவிடும்; மெய்களை ஆறு கூட்டமாகப் பிரித்து எண் கொடுக்கும்; மூன்று எண்ணோடு நிறுத்திவிடும். காகிதத்தில் நானே போட்டுப் பார்த்தேன். ஷ்னைடர் எஸ்-536. ஸ்னைடரும் எஸ்-536. இருநூற்று எழுபது வருட இடைவெளியை ஒரே எண்ணில் கட்டிவிட்டது. கோவெண்டர் ஜி-153. கவுண்டர் ஜி-536. ஒன்றையொன்று ஜென்மத்துக்கும் சந்திக்காது. முதலியார் இங்கே மூட்லி ஆகிவிட்டார்: மூட்லி எம்-340, முதலியார் எம்-346, அதுவும் போச்சு. பிள்ளைக்கும் நாயுடுவுக்கும் மட்டும் தொல்லை இல்லை. பின்னால் 'ஐ' போட்டாலும் 'ஒய்' போட்டாலும், 'யு' போட்டாலும் இரட்டை 'ஓ' போட்டாலும் அங்கே எண் மாறாது. யாருடைய வாய்க்காகச் செய்த கருவியோ, அவர்கள் வாய்க்குத்தான் அது பேசும்.

என் பிறந்த வீட்டுக் கதை இன்னும் மோசம். நாங்கள் மூன்சாமி. அது எங்கள் பூட்டனாரின் சொந்தப் பெயர், முனுசாமி. அவருக்கு ஏது குடும்பப் பெயர்? முனுசாமி, த/பெ சின்னப்பன், அவ்வளவுதான். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளை அலுவலகத்தில் பதியப் போனபோது பின்னால் ஒரு பெயர் கேட்டார்கள். யார் போனாரோ அவர் வாயில் வந்தது பெயரானது. என் தாத்தா வழியில் மூன்சாமி நின்றது. அவருடைய அண்ணன் பெருமாள். அந்த வழியில் எல்லாரும் பெருமாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறவர்கள், இரண்டு குடும்பப் பெயர். இதை மரத்தில் ஏற்றியதும் மஞ்சள் முக்கோணம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது: "தந்தை, மகன் குடும்பப் பெயர்கள் பொருந்தவில்லை, பிழையாக இருக்கலாம்." எங்கள் குடும்பமே பிழை!

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். இதே சேவையின் உதவிப் பக்கத்தில் ஜெர்மனியின் கிழக்கு ஃப்ரீஸ்லாந்து பற்றித் தனிக் கட்டுரை இருக்கிறது. அங்கேயும் ரொம்ப காலம் தகப்பன் பெயர்தான் பின்னால் வரும். ஹின்ரிக் மகன் யான் என்றால் யான் ஹின்ரிக்ஸ்; அவன் மகனுக்கு யான்சென். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். நெப்போலியன் ஆட்சி 1811இல் நிலையான பெயர் வைத்தே தீர வேண்டும் என்று ஆணை போட்டது. வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணை வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போனால் மாப்பிள்ளைக்குப் பண்ணையின் பெயர். இதற்கெல்லாம் சேவையில் விதிவிலக்குப் பெட்டி இருக்கிறது, அழுத்தினால் முக்கோணம் போய்விடும். ஆக, குடும்பப் பெயர் என்பது எப்போதும் இருந்ததில்லை என்று இவர்களுக்குத் தெரியும். நமக்கென்று வரும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

வாடிக்கையாளர் உதவியில் எழுதிக் கேட்டேன். எங்கள் ஆட்களைக் குடும்பப் பெயரால் தேட முடியாது, ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியபோது ஆளுக்கொன்றாகக் கொடுத்த குடியேற்ற எண்ணால்தான் தேட முடியும், அதற்கு ஒரு கட்டம் உண்டா என்று. "அந்த எண்ணை நடுப்பெயராகப் போட்டுப் பாருங்கள்" என்று பதில் வந்தது. சிரித்த முகத்தோடு.

இன்னொரு கூத்து. என் கணவர் முப்பது வருடம் வேலை பார்த்தது நியூ ஜெர்மனியில், டர்பனை அடுத்த பைன்டவுன் பக்கத்துத் தொழிற்பேட்டை. 1848இல் பெர்க்டைல் என்பவர் பருத்தி பயிரிட ஜெர்மன் குடும்பங்களைக் கூட்டிவந்து குடிவைத்த இடம் அது. பருத்தி படுத்துவிட்டது, அவர்கள் காய்கறி போட்டுப் பிழைத்தார்கள். அவர் வேலை செய்த ஊர் என்று அதைத் தட்டியதும், வரைபடத்தில் குண்டூசி ஐரோப்பாவில் போய்க் குத்திக்கொண்டது. இப்போது மரத்தில் அவர் ஜெர்மனியில் ஷிப்ட் பார்த்தவர்.

கடைசியில் வழி காட்டியது அந்தச் சேவை இல்லை, அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பா. அதில் தாத்தாவின் பிறப்புச் சான்று. மடிப்பில் கிழிந்திருந்தாலும் அவருடைய அப்பா அம்மா இருவருடைய குடியேற்ற எண்ணும் தெளிவாக இருந்தது. மகனைக் காரோட்டச் சொல்லி வெஸ்ட்வில் வளாகத்துக்குப் போனோம், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர். அத்தனை பேருக்கும் வரிசை எண். முனுசாமி என்று தேடினால் கூட்டத்தில் தொலைந்துபோவீர்கள். எண்ணைப் போட்டால் ஒரே ஒரு மனிதர் எழுந்து வருவார்.

வந்தார். முனுசாமி, தகப்பன் சின்னப்பன், வயது 22. ஜில்லா வட ஆர்க்காடு, தாலுகா வந்தவாசி. கிராமத்தின் பெயரை மகன் ஒரு விதமாகவும் நான் ஒரு விதமாகவும் படித்தோம்; தமிழ் டீச்சர் என்ற முறையில் என்னுடையதே வென்றது. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அனுப்பப்பட்ட இடம் மவுண்ட் எட்ஜ்கம்ப், கரும்புத் தோட்டம். சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதை மரத்தில் ஏற்ற வேண்டாம் என்று காரிலேயே பேசி முடித்துவிட்டோம். அந்த ஸ்னைடர் பட்டியலில் தையற்காரரின் கையெழுத்து இருந்தது. இங்கே கையெழுத்து இல்லை, தழும்பு இருக்கிறது. எவ்வளவு நேரம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மகனைக் கேட்டால் சொல்வான். பசி தாங்காமல் வெளியே போய்விட்டான். திரும்பும் வழியில் ஆளுக்கு ஒரு கால் பீன்ஸ் பன்னி (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் டர்பன் பலகாரம்) வாங்கிச் சாப்பிட்டோம். மொத்தச் செலவு பெட்ரோலும் பன்னியும்தான்.

ஆகவே தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் யாராவது இந்தச் சந்தாவைக் கட்ட நினைத்தால், முதலில் வீட்டிலிருக்கும் பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளைத் தேடி எண்ணைப் பிடியுங்கள். மருமகனோ மருமகளோ ஜெர்மன் வம்ச அமெரிக்கர் என்றால் ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், அது போதும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நான் மறந்துவிட்டு இன்னொரு 2,400 கொடுத்தேன், திருப்பித் தரவில்லை. எங்கள் பக்கத்துக்குக் கொடுக்கும் ஒன்றரை நட்சத்திரத்தில் அந்த அரையைக் கொடுப்பதா என்று யோசித்தேன். மரத்தின் அச்சுத் தரம் நன்றாக இருந்ததால் விட்டுவைத்தேன்.

ஆமாம், சட்டம் போட்ட மரம் போன வாரம் தபாலில் வந்தது. எங்கள் பக்கம் இப்போது ஆறு கட்டம். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தை எப்படியாவது நிரப்ப வேண்டுமே என்று நான் முனுசாமியையே இரண்டு தரம் போட்டிருந்தேன்; முனுசாமி முனுசாமி என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது. எண்ணைப் பின்னொட்டுக் கட்டத்தில் போட்டிருந்தேன், அது பெயருக்குப் பின்னால் பட்டம் மாதிரி நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு சம்பந்தியம்மா போன் பண்ணி, அவர் ராணுவத்தில் இருந்தாரா என்று கேட்டார்கள்.

இல்லை, கரும்பு வெட்டினார் என்றேன்.