ஹட்டனில் வாங்கிய டாக்டர் செட்: ஊசிக்குப் பயந்த என் மகனுக்கு உதவியதா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஜாரில் கொப்பி, பென்சிலோடு விளையாட்டுச் சாமான்களும் விற்கும் ஒரு சின்னக் கடையில் இந்த டாக்டர் செட்டை வாங்கினேன். விலை 1,850 ரூபாய். நோர்வூட்டில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிற எனக்கு அது இரண்டு பிளவுஸ் தைத்த கூலி. ஒரு தடவை கடைக்குப் போய் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி, அடுத்த வாரம் மறுபடி போய்த்தான் வாங்கினேன். ஆறு வயது மகனுக்குக் குடலிறக்கம். கண்டியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அவனோ பாமசி வாசலில்கூட நிற்க மாட்டான்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நாலு வயதில் லயத்துப் படியில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் படியில், விழுந்து நாடி (முகவாய்) கிழிந்தது. தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் மூன்று பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கத் தையல் போட்டார்கள். நான் தலைமாட்டில் நின்று, "வலிக்காது சாமி, கண்ணை மூடு" என்றேன். மூடினான். ஊசி ஏறியதும் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஐந்து வயது ஊசிக்குக் கூப்பிட்டபோது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒளிந்துகொண்டான்.

வீட்டில் நாங்கள் பேசிய பேச்சும் சேர்ந்துதான் இப்படி ஆனது. சோறு சாப்பிடவில்லை என்றால், "டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லவா?" என்று மாமியார் கேட்பார். நானும் கேட்டிருக்கிறேன். செட் வாங்கிய அன்றே, இனி அந்தப் பேச்சு வேண்டாம் என்று மாமியாரிடம் சொன்னேன். அவரும் நிறுத்திவிட்டார்.

சரி, செட்டுக்கு வருகிறேன். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பையில் பதினாலு சாமான். ஸ்டெதஸ்கோப், ஊசி, வெப்பமானி, முழங்காலில் தட்டுகிற சுத்தியல், கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி, மருந்துப் போத்தல் இப்படி. சீனாவில் செய்தது. இதில் காசுக்குப் பெறுமதியானது ஊசிதான். பின்தண்டை இழுத்தால் உள்ளே சிவப்புத் தண்ணீர் மேலே ஏறுகிற மாதிரி தெரியும், அமுக்கினால் இறங்கும். முனை மழுங்கலான மஞ்சள் பிளாஸ்டிக், குத்தாது. பெரியவர்கள் பிடிக்கிற மாதிரியே இரண்டு விரலுக்கு நடுவில் பிடிக்கலாம். ஸ்டெதஸ்கோப்பில் பற்றரி போட்டால் டுக் டுக் என்று சத்தம் வரும் என்று பெட்டியில் இருக்கிறது. இரண்டு நாளில் நின்றுவிட்டது. வெப்பமானியில் நிறம் உரிந்து விரலில் ஒட்டுகிறது. பையின் ஸிப் முதல் வாரமே போய், நான் வேறு துணியில் பை தைத்தேன்.

முதல் மூன்று நாள் நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் டாக்டர், நான் நோயாளி. என் கையைப் பாயோடு சேர்த்து அமுக்கினான். ஊசியை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் குத்திக்கொண்டே போனான். பதினொரு தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு, "அன்டன்ன எப்பா! அன்டன்ன எப்பா!" என்று கத்தினான். அழாதே என்று சிங்களத்தில் சொல்கிறான். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட குரலை அப்படியே வைத்திருந்திருக்கிறான். நான் கையை இழுக்காமல், "டாக்டர், எனக்குப் பயமா இருக்கு, மெதுவாப் போடுங்க" என்றேன். குத்துவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, குத்திய இடத்தில் ஊதிவிட்டான்.

அந்த ஒரு நிமிஷத்துக்கே 1,850 ரூபாய் தகும்.

ஆபரேஷனுக்கு வேண்டிய பல சாமான் செட்டில் இல்லை. கையில் ஏற்றுகிற மெல்லிய குழாய், அதாவது கெனுலா, இல்லை. ரத்தம் எடுக்கும்போது மேல்கையில் கட்டுகிற ரப்பர் பட்டி இல்லை. மயக்க மருந்து கொடுக்கிற மாஸ்க் இல்லை. நானே செய்தேன். வெட்டுத் துணியில் ஒரு பொம்மை தைத்து, அதன் புறங்கையில் நீல நூலால் நரம்பு போட்டேன். பாவாடைக்குப் போடுகிற இலாஸ்டிக்கில் ஒரு துண்டு ரப்பர் பட்டியானது. குளிர்பானம் குடிக்கிற குழாயைச் சின்னதாக வெட்டி, பாமசியில் வாங்கிய பிளாஸ்டரால் பொம்மைக் கையில் ஒட்டினோம். கழுவிய யோகட் கப்தான் மாஸ்க். அதை மூக்கில் வைத்து பலூன் ஊதுகிற மாதிரி மூச்சு விடப் பழகினான். உண்மையான ஊசியைத் தயவுசெய்து விளையாடக் கொடுக்காதீர்கள், சுத்தமானது என்றாலும் வேண்டாம்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. பல நாடுகளில் மருத்துவ மாணவர்கள் 'டெடி பேர் ஆஸ்பத்திரி' என்று நடத்துகிறார்கள். பிள்ளைகள் தங்கள் பொம்மைக்கு வைத்தியம் பார்க்கக் கொண்டுபோவார்கள். இங்கிலாந்தில் பிள்ளைகள் வார்டுகளில் விளையாட்டு மூலம் தயார்படுத்துவதற்கென்றே படித்தவர்கள் வேலை செய்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த வேலையைத் தாய் தகப்பன்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆபரேஷன் என்று அவனிடம் ஐந்து நாளுக்கு முன்னால்தான் சொன்னேன். அதிக நாள் முன்னால் சொன்னால் ராத்திரித் தூக்கம் கெடும், அன்றைக்கே சொன்னால் ஏமாற்றியதாகிவிடும். "வலிக்குமா?" என்று கேட்டான். இந்தத் தடவை, "ஊசி ஏறும்போது எறும்பு கடிக்கிற மாதிரியோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ இருக்கலாம். நான் பக்கத்தில்தான் இருப்பேன்" என்றேன். தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் பொய்யான ஆறுதல் வேண்டாம் என்றுதான் இருக்கிறது. சின்னப் பிள்ளையைப் பெற்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும், வளர்ந்த பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும் என்றும் அதில் சொல்கிறார்கள். அதைப் படித்தபோது நாடியில் தையல் போட்ட நாள்தான் ஞாபகம் வந்தது.

விளையாட்டுக்குள்ளேயே இரண்டு சிங்கள வார்த்தையும் சொல்லிக் கொடுத்தேன். வலித்தால் "ரிதெனவா", கொஞ்சம் பொறுங்கள் என்பதற்கு "பொட்டக் இன்ன". மலையகத்துப் பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் பாஷையில் இருக்கிறது. தன்னைச் சுற்றி நிற்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று விளங்காமல் படுத்திருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். பொம்மை "பொட்டக் இன்ன" என்று சொன்னால் டாக்டர் கையை எடுத்துவிட வேண்டும், இதுதான் எங்கள் விளையாட்டின் சட்டம்.

தோலை மரக்கச் செய்கிற கிரீம் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். லிடோகெயின், பிரிலோகெயின் இரண்டும் கலந்தது. துண்டு எழுதிக் கொடுத்தார். பூசி, மேலே பிளாஸ்டர் ஒட்டி, குறைந்தது ஒரு மணித்தியாலம் விட வேண்டும். அவசரத்துக்குப் பூசிப் பத்து நிமிஷத்தில் துடைத்தால் பலன் இல்லை. எவ்வளவு பூசலாம் என்பது பிள்ளையின் வயதையும் எடையையும் பொறுத்தது. அதனால் டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் பூசாதீர்கள். வீட்டில் பொம்மைக்கு முகக் கிரீம் பூசிப் பிளாஸ்டர் ஒட்டிப் பழகியிருந்ததால், ஆஸ்பத்திரியில் தானே கையை நீட்டினான்.

போகிற நாள் விடியற்காலை பஸ். நாவலப்பிட்டி, கம்பளை தாண்டும் வரை பொம்மையை மடியில் வைத்திருந்தான். ஆபரேஷனுக்கு முன் அவனுக்குச் சாப்பாடு கிடையாது என்பதால் பொம்மையும் சாப்பிடவில்லை.

வார்டில் கெனுலா போட வந்த நர்ஸிடம், மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் சம்மதித்தார். அவன் நெஞ்சு என் நெஞ்சோடு, ஒரு கை என் கழுத்தைச் சுற்றி, மற்றக் கை என் தோளுக்குப் பின்னால் நர்ஸிடம். நூறு ரூபாய்க்கு வாங்கிய சோப்புக் குமிழிப் போத்தலை என் வீட்டுக்காரர் பிடித்திருக்க, அவன் ஊதினான். இரண்டாவது ஊதலில் நிறுத்தி, சின்னக் குரலில், "பொட்டக் இன்ன" என்றான். நர்ஸ் நிறுத்தினார். சிரித்துக்கொண்டு, "ஹரி புதா", சரி மகனே, என்று சொல்லிக் காத்திருந்தார். அவனே மூச்சு வாங்கித் தலையை ஆட்டிய பிறகுதான் போட்டார். அழுதான், அதை மறைக்க மாட்டேன். கண்ணீர் என் கழுத்தில் சூடாக ஓடியது. ஆனால் கையை இழுக்கவில்லை, யாரும் அமுக்கிப் பிடிக்கவில்லை. மாஸ்க் வைக்கும்போது நான் உள்ளே இல்லை. யோகட் கப் மாதிரி இருந்தது, வேறு மணம் என்று அப்புறம் சொன்னான்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் பொம்மைக்கும் வயிற்றில் ஒரு தையல் போடச் சொன்னான். கறுப்பு நூலில் போட்டேன். அதன் மேல் அவனே பிளாஸ்டர் ஒட்டினான்.

செட்டை வாங்கலாமா என்று கேட்டால், ஊசி ஒன்றுக்காகவே வாங்கலாம். மற்றச் சாமான்களுக்குப் பாதி விலைகூட அதிகம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால், மருந்துப் போத்தலின் சின்ன மூடியை எடுத்து ஒளித்துவையுங்கள், வாயில் போட்டுவிடும். வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுத் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் பாயில் உட்கார்ந்து நோயாளியாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போனது, அந்த வாரம் ஒரு பாவாடை பிந்தியது.

கடையில் பெட்டியைத் திறந்து, ஊசியின் பின்தண்டு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நான் முதலில் எடுத்த பெட்டியில் அது இறுகிக் கிடந்தது, மாற்றித்தான் வாங்கினேன். எங்கள் செட் இப்போது பக்கத்து லயத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளைக்கு அடுத்த மாதம் டொன்சில் ஆபரேஷன். ஊசியை எப்படிப் பிடிப்பது என்று என் மகன்தான் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தான்.