ஜேசன் ஸ்கீமாவில் நிபந்தனைக்குள் நிபந்தனை: மூன்று ஆண்டு அனுபவம்

சரக்கு வழங்குவோரைப் பதிவு செய்யும் இணையப் படிவம் ஒன்றின் சரிபார்ப்பு விதிகளை, ஜேசன் வடிவிலான தரவு எப்படி இருக்க வேண்டும் என்று விவரிக்கும் ஜேசன் ஸ்கீமாவில் எழுதி, அவ்விதிகளின்படி தரவைச் சரிபார்க்கும் ஏஜேவி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் வழியாக உலாவியிலும் சர்வரிலும் மூன்று ஆண்டுகளாக இயக்கி வருகிறேன். ஒரே விதிக்கோப்பு ஈரிடத்திலும் பயன்படுவதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் இன்றும் எனக்கு மனநிறைவு உண்டு.

படிவத்தில், ஜிஎஸ்டி பதிவு உண்டு என்றால் 15 எழுத்துள்ள ஜிஎஸ்டி எண் கட்டாயம். வழங்குபவர் கம்பெனி என்றால் பான் எண்ணின் நான்காம் எழுத்து 'சி' ஆகவும், தனிநபர் என்றால் 'பி' ஆகவும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் இவற்றை 'எல்ஸ்' (இல்லையெனில்) பகுதிக்குள் இன்னொரு 'இஃப்' (நிபந்தனை) என்று நான்கு அடுக்காக எழுதியிருந்தேன். கூட்டு வணிகம் என்ற புதிய வகையைச் சேர்க்க வேண்டி வந்தபோது, அது எந்த அடுக்கில் அமர வேண்டும் என்று கண்டறியவே அரைநாள் போயிற்று. அதன்பின் ஒவ்வொரு நிபந்தனையையும் தனி 'இஃப்–தென்' (நிபந்தனை–விளைவு) இணையாகப் பிரித்து, அனைத்தையும், எல்லா விதிகளும் நிறைவேற வேண்டும் என்று சொல்லும் 'ஆல்ஆஃப்' பட்டியலில் அடுக்கினேன். கோப்பு நீண்டதே தவிர, எந்த விதியையும் பிறவற்றைத் தொடாமல் மாற்ற முடிந்தது.

என்னை மிகவும் அலைக்கழித்தது வேறொன்று. 'இஃப்' பகுதியில் ஒரு புலத்தின் (படிவத்தில் தகவல் நிரப்பும் இடத்தின்) மதிப்பை மட்டும் குறிப்பிட்டு, அப்புலம் இருந்தாக வேண்டும் என்பதை 'ரிக்வயர்ட்' கொண்டு சொல்லாமல் விட்டால், புலமே இல்லாத தரவிலும் நிபந்தனை நிறைவேறியதாகவே கொள்ளப்படும். பயனர் எதையும் தேர்ந்தெடுக்கும் முன்பே ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு எங்கள் படிவம் பிழை காட்டியதற்கு இதுவே காரணம்.

மறைக்கப்பட்ட புலங்களிலும் கவனம் தேவை. 'பதிவு உண்டு' என்று சொல்லி எண்ணைப் பாதி தட்டியவர் பிறகு 'இல்லை' என்று மாற்றினால், பழைய மதிப்பு உள்ளேயே தங்கி, கண்ணுக்குத் தெரியாத புலத்தில் பிழை எழுகிறது. அவர் எத்தனை முறை அழுத்தினாலும் படிவம் நகராது. எனவே எண்ணின் வடிவ விதியைத் 'தென்' பகுதிக்குள் கொண்டுசென்றதோடு, மறைந்த புலங்களின் மதிப்பைச் சரிபார்ப்புக்கு முன்பே நீக்கிவிடுகிறோம்.

ஜிஎஸ்டி எண்ணின் 3 முதல் 12 வரையிலான எழுத்துகள் பான் எண்ணோடு பொருந்துகின்றனவா என்பதை மட்டும் தனிச் செயற்கூறாக (ஃபங்ஷன்) நிரலில் எழுதினோம். இரு புலங்களின் மதிப்பை ஒப்பிடும் குறிச்சொல் ஜேசன் ஸ்கீமா தரத்தில் இல்லை. இப்போது ஒவ்வொரு நிபந்தனைக்கும் பொருந்தும் தரவு, பொருந்தாத தரவு, புலமே இல்லாத தரவு என மூன்று மாதிரிகளை வைத்துச் சோதிக்கிறோம். பெரும்பாலான பிழைகள் மூன்றாவது மாதிரியில்தான் அகப்படுகின்றன.